கெர்மிட்டின் கை மாறியபோது: 2017 சர்ச்சை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜூலை 10 அன்று அமெரிக்க ஊடகங்களில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேர்பெற்ற கைப்பொம்மைகளான மப்பெட்டுகளின் முகம் கெர்மிட் தவளை. அதை 1990 முதல் இயக்கி, குரல் கொடுத்து, அதன் எல்லாமுமாக இருந்த ஸ்டீவ் விட்மயர் இனி அந்தப் பொறுப்பில் இல்லை. அவர் இடத்துக்கு மேட் வோகல் வருகிறார். விட்மயர் தானாக விலகினாரா, ஓய்வு பெற்றாரா, நீக்கப்பட்டாரா என்று அன்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அடுத்த சில நாட்களில் அது பெரிய சண்டையாக வெடித்தது.

நம்மூரில் கெர்மிட் என்ற பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆனால் தேநீர்க் கோப்பையோடு "எனக்கென்ன வந்தது" என்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கும் பச்சைத் தவளை மீமைப் பார்க்காதவர் குறைவு. 2014இல் வந்த லிப்டன் தேயிலை விளம்பரத்திலிருந்து எடுத்த படம் அது. அந்தத் தவளைக்குள் இருந்தது விட்மயரின் கை. ஒரு பொம்மைக்குள் யார் கை இருக்கிறது என்பது ஏன் இத்தனை பேருக்கு அவ்வளவு பெரிய விஷயமானது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. ரசிகர்கள் குரல் மாறியதற்காகக் கோபப்பட்டார்கள் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. கோபத்தின் பெரும்பங்கு, கைமாற்றம் நடந்த விதத்தைப் பற்றியது.

அம்மாவின் பழைய கோட்

1955இல் வாஷிங்டன் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஆர்சியில் ஐந்து நிமிட பொம்மை நிகழ்ச்சி ஒன்றை ஜிம் ஹென்சன் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. அம்மா போடாமல் வைத்திருந்த பழைய கோட்டை வெட்டித் தைத்து, பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துக் கண் வைத்து அவர் செய்த பொம்மைதான் கெர்மிட். ஆரம்பத்தில் அது தவளைகூட இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒரு பிராணி. பிற்பாடுதான் தவளை ஆனது. அப்புறம் 1969இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி, 1976 முதல் 1981 வரை 120 பகுதிகள் ஓடிய 'தி மப்பெட் ஷோ', திரைப்படங்கள் என்று கெர்மிட் உலகம் முழுக்கப் போனான். முதல் பொம்மை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கெர்மிட் ஹென்சனின் இன்னொரு வடிவம் என்றே அவரோடு வேலை செய்தவர்கள் பேசினார்கள். ஆர்ப்பாட்டமான கூட்டத்துக்கு நடுவில் எல்லோரையும் சமாளித்து, தன் பதற்றத்தை மறைத்து, நிகழ்ச்சியை எப்படியாவது மேடையேற்றிவிடும் ஆள். கெர்மிட் கதைக்குள் செய்ததை ஹென்சன் படப்பிடிப்புத் தளத்தில் செய்தார். 1990 மே 4 அன்று ஆர்செனியோ ஹாலின் நிகழ்ச்சியில் கெர்மிட்டோடு தோன்றியபோதே அவருக்குத் தொண்டை சரியில்லை. மே 16 அன்று, நியூயார்க் மருத்துவமனையில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்றினால் இறந்துபோனார். வயது 53.

தவளையையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிட வேண்டியதுதானா? ஹென்சன் குடும்பம் வேண்டாம் என்று முடிவெடுத்து, 30 வயது விட்மயரிடம் கெர்மிட்டைக் கொடுத்தது. அட்லாண்டாக்காரரான அவர் 1978இல் குழுவில் சேர்ந்தவர். ரிஸோ என்ற எலியை உருவாக்கியவர், 'ஃபிராகிள் ராக்' தொடரில் வெம்ப்ளியாக நடித்தவர். ஹென்சன் பிறந்த அதே செப்டம்பர் 24தான் அவருக்கும் பிறந்தநாள். ரசிகர்கள் இதைச் சொல்லாமல் விடவே மாட்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஹென்சனுக்கு அஞ்சலியாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி வந்தது. இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள அதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். கதைப்படி, ஜிம் ஹென்சன் என்ற ஒருவருக்கு மரியாதை செய்யும் நிகழ்ச்சி தயாரிக்கும்படி கெர்மிட்டிடமிருந்து மப்பெட்டுகளுக்குச் செய்தி வருகிறது. அவர் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. கேலியும் குழப்பமுமாகத் தயாரிக்கிறார்கள். வந்திருந்த கடிதங்களைப் படிக்கும்போதுதான் அந்த மனிதர் இறந்துவிட்டார் என்பது தெரிகிறது. அந்த இடத்தில் பொம்மைகள் பேச்சற்றுப் போய் நிற்கின்றன. கெர்மிட்டின் மருமகனான சிறுவன் ராபின் மெல்லப் பாடத் தொடங்குகிறான், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லாம் முடியும் நேரத்தில் கெர்மிட் வந்து சேர்கிறான், புதிய குரலில். பார்வையாளர்களுக்கு முதலில் அழ இடம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் புதியவரை உள்ளே அழைத்தார்கள். குரல் வேறாக இருந்தது, மெலிதாக இருந்தது, பலருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் யாரும் தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைக்கவில்லை.

பொம்மைக்குள் கை என்ன செய்கிறது

"குரல் நடிகர் மாறிவிட்டார்" என்று 2017இல் பல செய்திகள் எழுதின. தவறான விவரம் அது. கெர்மிட்டின் தலைக்குள் சட்டகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மெல்லிய துணி, உள்ளே மனிதக் கை, அவ்வளவுதான். விரல்கள் மேலுதடு, கட்டைவிரல் கீழ்த்தாடை. கலைஞர் கையை லேசாக மடக்கினால் முகம் சுருங்கும்; முஷ்டியை இறுக்கினால் கெர்மிட்டின் பேர்போன அந்த 'என்ன கொடுமை' முகம் வரும். கையின் நீளம், விரல் எலும்பின் அமைப்பு, மணிக்கட்டை எவ்வளவு வளைக்க முடியும் என்பது எல்லாமே வெளியில் தெரியும். அதனால் ஆள் மாறினால் முகமே கொஞ்சம் மாறிவிடும்.

கலைஞர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இடது கையால் மெல்லிய கம்பிகளைப் பிடித்துப் பொம்மையின் கைகளை ஆட்டுவார். மப்பெட்டுகளில் பெரும்பாலானவை இடது கைப் பழக்கம் உள்ளவையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அவர் பொம்மையை நேராகப் பார்ப்பதில்லை, கீழே இருக்கும் மானிட்டரில் பார்த்துக்கொண்டே நடிக்கிறார். இடைவிடாத பேச்சு, சட்டென்று வரும் பதில், பக்கத்துப் பொம்மையைத் திரும்பிப் பார்க்கும் கணம் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. கெர்மிட் நேர்காணலுக்கு வந்தால் பதில்களில் நிறைய அந்த நிமிடத்தில் பிறப்பவை. ஆக, பாத்திரத்தின் பாதியை எழுதுபவரும் அந்தக் கலைஞர்தான்.

போனில் அம்மா "ஹலோ" என்று சொன்னவுடனே அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா, கெர்மிட் ரசிகர்களின் காது அப்படிப்பட்டது. 2009இல் சில மேடைகளில் விட்மயருக்குப் பதிலாக ஆர்ட்டி எஸ்போசிட்டோ கெர்மிட்டை இயக்கினார். அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை, ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போதே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. 2017 சண்டைக்கு அது முன்னோட்டம் என்று சொல்லலாம்.

ஒன்பது மாத மௌனம்

உரிமை விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்சன் உயிரோடு இருந்தபோதே டிஸ்னியோடு பேச்சு நடந்தது, அவர் இறந்தபின் முறிந்தது. 2000இல் ஹென்சன் நிறுவனம் ஒரு ஜெர்மானிய நிறுவனத்துக்குக் கைமாறி, 2003இல் குடும்பத்திடம் திரும்பி வந்தது. 2004இல் கெர்மிட், அவன் காதலியான பன்றி மிஸ் பிக்கி வகையறாவை டிஸ்னி வாங்கியது. 'செசமி ஸ்ட்ரீட்' பாத்திரங்கள் தனி அமைப்பிடம் உள்ளன. சட்டப்படி 2004க்குப் பிறகு கெர்மிட்டுக்குள் யார் கை போகலாம் என்று முடிவு செய்வது டிஸ்னியின் மப்பெட்ஸ் ஸ்டுடியோ.

செய்தி வெளியான சில நாட்களில் விட்மயர் வெளிப்படையாக எழுதினார். 2016 அக்டோபரிலேயே தன்னைக் கூப்பிட்டு நீக்குவதாகச் சொல்லிவிட்டார்கள், இரண்டு காரணம் சொன்னார்கள், அவை பற்றி அதற்கு முன் தன்னிடம் யாரும் பேசியதில்லை, சரிசெய்யத் தயார் என்று தான் சொல்லியும் கேட்கவில்லை என்பது அவர் தரப்பு. கெர்மிட்டைக் கைவிடத் தான் ஒருபோதும் நினைத்ததில்லை என்றும், ஹென்சனுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தோற்றுவிட்டதாகவும் எழுதியிருந்தார். அதைப் படித்த ரசிகர்கள் உடைந்துபோனார்கள்.

பின்னர் தந்த பேட்டியில் அந்த இரண்டு காரணங்களையும் விவரித்தார்: பாத்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் ஓயாமல் கருத்துச் சொன்னது, இன்னொன்று ஒரு தொழிற்சங்கப் பிரச்சினை. முதலாவதற்கு அவரே ஓர் உதாரணம் கொடுத்தார். 2015இல் ஏபிசி தொலைக்காட்சிக்காக எடுத்த தொடரில் கெர்மிட்டும் மிஸ் பிக்கியும் பிரிந்துவிட்டிருப்பார்கள். அதைச் சிறுவன் ராபினிடமிருந்து மறைக்க கெர்மிட் பொய் சொல்வதாக ஒரு காட்சி. கெர்மிட் அப்படிச் செய்ய மாட்டான், பையனை உட்கார வைத்து உண்மையைப் பக்குவமாகச் சொல்வான் என்று விட்மயர் வாதாடினார். எனக்கு இந்த இடத்தில் விட்மயர் சொல்வது முழுக்கச் சரி என்றே படுகிறது. 27 வருடம் ஒரு பாத்திரத்துக்குள் வாழ்ந்தவருக்கு அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரியும். அந்தத் தொடரும் 16 பகுதிகளோடு நின்றுபோனது.

மறுபக்கம் மப்பெட்ஸ் ஸ்டுடியோ கடுமையாகப் பேசியது. பல ஆண்டுகளாக ஏற்க முடியாத தொழில் நடத்தை, சொல்லியும் திருத்திக்கொள்ளவில்லை என்று குற்றம் சாட்டியது. ரசிகர்கள் எதிர்பார்க்காதது அடுத்து வந்தது: ஹென்சனின் பிள்ளைகளே டிஸ்னி பக்கம் நின்றார்கள். பிரையன் ஹென்சன், எழுத்தாளர்களையும் இயக்குநரையும் தாக்கி விட்மயர் கடிதம் அனுப்புவார் என்றார். லிசா ஹென்சன், சிறிய நிகழ்ச்சிகளுக்கு விட்மயர் தானும் வராமல், மாற்று ஆள் ஒருவரைத் தயார்படுத்தவும் விடாமல் இருந்தார் என்றார். ஷெரில் ஹென்சன், விட்மயரின் கெர்மிட் கசப்பும் கோபமும் சோர்வும் கொண்டவனாக மாறிவிட்டான் என்று எழுதினார். விட்மயர் இவற்றை மறுத்தார்.

யார் பக்கம் நிற்பது

ரசிகர்கள் பிளந்தார்கள். ஒரு கூட்டம் விட்மயரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடத்தியது. ஹென்சனே தேர்ந்து வளர்த்த ஆள், அவரை ஒரு பெரிய நிறுவனம் தூக்கி எறிவதா என்பது அவர்கள் வாதம். இன்னொரு கூட்டம், ஹென்சன் குடும்பமே சொல்லும்போது நாம் யார் கேட்க என்றது. மூன்றாவதாக ஒரு சாரார், இரு தரப்பும் இதையெல்லாம் ஊரறியப் பேசியிருக்கவே வேண்டாம் என்று வருந்தினார்கள். என் அனுதாபம் இவர்களோடு.

இதில் வயது ஒரு பெரிய காரணம். 1990இல் விட்மயரின் குரலைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் ஹென்சனோடு வளர்ந்தவர்கள். 2017இல் அவருக்காகக் கண்ணீர் விட்டவர்களில் நிறையப் பேருக்கு ஹென்சனின் குரல் பழைய பதிவுகளில் மட்டுமே பழக்கம். சிறு வயதில் அவர்களோடு பேசிய கெர்மிட் விட்மயர்தான். ஒரு தலைமுறைக்கு மாற்றாக வந்தவர் அடுத்த தலைமுறைக்கு மூலவராகிவிட்டார். வோகலுக்கும் இது நடக்கும் என்று அப்போதே சொன்ன ரசிகர்கள் உண்டு. ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் அந்த நியாயம் எடுபடுமா?

வோகல் வெளியாள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'செசமி ஸ்ட்ரீட்'டின் கவுண்ட் வான் கவுண்ட் உட்படப் பல பாத்திரங்களை மூத்த மப்பெட் கலைஞர் ஜெர்ரி நெல்சனுக்குப் பிறகு ஏற்றவர். 2014இல் வந்த மப்பெட் படத்தில் கெர்மிட் போலவே இருக்கும் கான்ஸ்டன்டைன் என்ற திருட்டுத் தவளை கெர்மிட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்வான், கூட இருப்பவர்களில் பெரும்பாலோர் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். கான்ஸ்டன்டைனை இயக்கியவர் வோகல், கெர்மிட் விட்மயர். மூன்று வருடம் கழித்து உண்மையிலேயே அந்த இடத்துக்கு அவர் வந்தபோது, அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டி அவரைக் குத்திப் பேசியவர்கள் இருந்தார்கள். அது நியாயமில்லை. வேலைக்கு அழைத்தார்கள், அவர் போனார்.

வேறு கைமாற்றங்கள் ஏன் அமைதியாக நடந்தன

மப்பெட் உலகில் ஆள் மாறுவது புதிதில்லை. மிஸ் பிக்கி, ஃபாஸி, அனிமல் மூவரும் ஹென்சனின் சக கலைஞர் ஃபிராங்க் ஓஸின் கையில் பிறந்தவர்கள். 2000களின் தொடக்கத்தில் எரிக் ஜேக்கப்சன் அவர்களை ஏற்றார். மிஸ் பிக்கியின் குரலில் வித்தியாசம் தெரிந்தது, முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் சண்டை மூளவில்லை. ஓஸ் திரைப்பட இயக்கத்தில் மூழ்கி, தானாகவே ஒதுங்கிக்கொண்டவர். யாரும் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை.

'செசமி ஸ்ட்ரீட்'டின் பிக் பேர்ட் விஷயம் இன்னும் தெளிவான உதாரணம். 1969 முதல் கரோல் ஸ்பின்னி அந்த மஞ்சள் பறவைக்குள் இருந்தார். 1996இலேயே வோகல் அவரிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார். உடல் ஒத்துழைக்காமல் போனபோது ஸ்பின்னி குரல் மட்டும் கொடுக்க, உள்ளே வோகல் நடித்தார். 2018 அக்டோபரில் ஸ்பின்னி ஓய்வை அறிவித்தபோது வோகலுக்கு இருபது வருடத்துக்கும் மேலான பயிற்சி இருந்தது. பெரியவர் தானே முன்வந்து விடைபெற்றார், வாழ்த்திக் கொடுத்தார். 2019 டிசம்பரில் அவர் இறந்தார். கெர்மிட் விஷயத்தில் வசை வாங்கிய அதே வோகல்தான் பிக் பேர்டிலும் வாரிசு. அங்கே அவரை ரசிகர்கள் மனதாரவே ஏற்றார்கள்.

ஆள் அதே ஆள், திறமையும் அதே திறமை. வித்தியாசம், மூத்தவர் கொடுத்தாரா அவரிடமிருந்து எடுத்தார்களா என்பதில் இருக்கிறது. பொம்மலாட்டம் கையோடு கை சேர்த்துக் கற்கும் தொழில். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சியை ரசிகர்கள் பரம்பரைச் சொத்தின் பத்திரம் போலப் பாதுகாக்கிறார்கள். ஹென்சனிடமிருந்து விட்மயருக்கு வந்ததைக் குடும்பம் கொடுத்தது. விட்மயரிடமிருந்து வோகலுக்குப் போனதில் அந்த இணைப்பு அறுந்தது.

இந்த அறுந்த இணைப்புக்கு விட்மயரும் ஒரு பங்கு பொறுப்பு என்பதை அவரை நேசிக்கும் ரசிகர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்கினார்கள். லிசா ஹென்சன் சொன்னது உண்மையானால், ஓர் இளைஞரைத் தயார்படுத்த அவர் மறுத்தது பெரிய தவறு. ஹென்சனுக்குப் பிறகும் கெர்மிட் பிழைத்ததற்குக் காரணமே, கற்றுக்கொள்ளச் சுற்றிலும் ஆட்களை ஹென்சன் வைத்திருந்ததுதான். விட்மயரே அப்படி வந்தவர். தான் மட்டுமே கெர்மிட் என்ற எண்ணம் அந்த வழக்கத்துக்கு எதிரானது.

ஆனாலும் கெர்மிட்டோடு சேர்த்து அவரிடமிருந்து போனவற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டாட்லர், பீக்கர் ஆகிய பொம்மைகளும் போயின. அவரே உருவாக்கிய எலி ரிஸோவும் போனது. கெர்மிட்டையாவது அவர் இன்னொருவரிடமிருந்து வாங்கிக்கொண்டார், ரிஸோவுக்கு அவருக்கு முன்னால் யாரும் இல்லை. தலைப்புச் செய்திகளில் இது வரவே இல்லை. கலைஞர் படைத்த பாத்திரம் நிறுவனத்தின் சொத்து என்பது ஒப்பந்தப்படி சரியாக இருக்கலாம், ஆனால் வலிக்கிறது.

பிறகு நடந்தது

2017 ஆகஸ்ட் கடைசியில் மிகச் சிறிய யூடியூப் வீடியோ ஒன்றில் வோகலின் கெர்மிட் முதல்முறை பேசினான். குரல் கனமாக இருக்கிறது, தொண்டைக்குள்ளிருந்து வருகிறது, இது கெர்மிட் இல்லை என்றார்கள் பலர். செப்டம்பர் 8, 9, 10 தேதிகளில் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் மப்பெட்டுகளின் நேரடி நிகழ்ச்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் முன்னால், தவறு செய்தால் மறு டேக் கிடையாது. கெர்மிட் வந்து நின்றதும் கூட்டம் ஆரவாரித்தது. 2018 ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கம், 2020இல் டிஸ்னி பிளஸ் தொடர் என்று வேலை தொடர்ந்தது. வோகலின் குரலும் தளர்ந்து, இயல்பாகிக்கொண்டே வந்தது. இதை முதல் வீடியோவையும் பிந்தையவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் உணரலாம். விட்மயருக்கும் 1990களின் தொடக்கத்தில் இப்படித்தான் நடந்தது.

எல்லோரும் சமாதானம் ஆகிவிடவில்லை. 2017க்குப் பிறகு வந்தவற்றைப் பார்ப்பதில்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்க என்னால் முடியாது.

2016 அக்டோபரிலிருந்து 2017 ஜூலை வரை ஒன்பது மாதம் ஸ்டுடியோவின் கையில் இருந்தது. நீக்கும் முடிவில் அவர்கள் உறுதியாக இருந்திருக்கலாம், அதற்கு நியாயமும் இருந்திருக்கலாம். அந்த ஒன்பது மாதத்தில் விட்மயரின் பெயரைச் சொல்லி, 27 வருடத்துக்கு நன்றி சொல்லி, வோகலை அறிமுகம் செய்யும் ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்திருக்கலாம். கசப்பில் இருந்த விட்மயர் அதற்கு வர மறுத்திருந்தாலும், பழைய காட்சிகளை வைத்தே செய்திருக்க முடியும். எப்படிச் செய்வது என்பதற்கு 1990 நவம்பர் நிகழ்ச்சியே அவர்கள் முன்னால் இருந்தது. அப்படி எதுவும் இல்லாததால், கெர்மிட்டின் கை மாறியதை ரசிகர்கள் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். விடைகொடுக்கும் வேலையை அவர்களே ஆளாளுக்குத் தனியாகச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.